வாடகைக்கு விட பிளாட் வாங்கினா நிஜமாவே வருமானம் வருமா? ஒரு ஓஎம்ஆர் பிளாட்டின் முழுக் கணக்கு



"இஎம்ஐயை வாடகையே கட்டிடும். 20 வருஷம் கழிச்சு வீடு சும்மா கிடைச்ச மாதிரி!"

இந்த வரியை உங்ககிட்டயும் யாராவது சொல்லியிருப்பாங்க. ஆபீஸ் சீனியர், சித்தப்பா, பேங்க்ல லோன் செக்‌ஷன்ல இருக்கற நண்பர், இல்லைன்னா ஞாயித்துக்கிழமை சைட் விசிட்டுக்கு ஏசி கார் அனுப்பற பில்டர். சொல்றவங்க எல்லாரும் பொய் சொல்றாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா இவங்கள்ல பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினவங்க எத்தனை பேர்? அதை நாம இங்க போட்டுப் பார்த்துடலாம். கால்குலேட்டரைத் திறந்து வெச்சுக்கோங்க, உங்க நம்பரையும் கூடவே போட்டுக்கிட்டே வாங்க.

உங்களுக்கு 29 வயசு, கைக்கு வர்ற சம்பளம் மாசம் 85,000, ஏழு வருஷமா சேர்த்தது 23 லட்சம்னு வெச்சுக்கலாம். சோழிங்கநல்லூர் பக்கம் எட்டு வருஷம் பழைய டூ பெட்ரூம் பிளாட் ஒண்ணு, விலை 60 லட்சம். வாடகை மாசம் 20,000 வரும்னு புரோக்கர் சொல்றார். இந்த எண்கள் ஒரு உதாரணத்துக்குத்தான். உங்க ஏரியாவுல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆனா கணக்கு போற பாதை மாறாது.

60 லட்சம்னு சொன்ன வீடு 68 லட்சம் ஆகற கதை

வருஷ வாடகை 2.4 லட்சம். அதை 60 லட்சத்தால வகுத்தா 4%. "நாலு பர்சன்ட் வாடகை, அது போக விலை ஏற்றம்"னு புரோக்கர் சொல்றது இந்த நம்பரைத்தான்.

ஆனா நீங்க 60 லட்சத்துக்கு அந்த வீட்டை வாங்கவே முடியாது. பழைய பிளாட்டைப் பத்திரம் பண்ண தமிழ்நாட்டுல முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, மொத்தம் 9%. 60 லட்சத்தையும் பத்திரத்துல காட்டினா 5.4 லட்சம். புரோக்கர் கமிஷன் 1% வெச்சா 60,000. வக்கீல் பார்வை, வில்லங்கம், லோன் புராசஸிங் எல்லாம் சேர்த்து 40,000. வாடகைக்கு விடற நிலைக்குக் கொண்டு வர பெயின்ட், கொசு வலை, ஃபேன், பாத்ரூம் குழாய், கிச்சன் அலமாரி எல்லாம் ஒரு 1.6 லட்சம். கூட்டிப் பாருங்க: 68 லட்சம்.

புதுசா கட்டிக்கிட்டு இருக்கற பிளாட்டுன்னா இதோட ஜிஎஸ்டி 5% வேற (மலிவு விலை வீடுகளுக்கு 1%). வீடு கைக்கு வர்ற வரைக்கும் ஒரு பைசா வாடகை கிடையாது, ஆனா வட்டி மட்டும் ஓடும். அதனாலதான் உதாரணத்துக்குப் பழைய பிளாட்டை எடுத்தேன். உங்களுக்குச் சாதகமான கணக்கு இதுதான்.

அடுத்து, வர்ற வாடகையில இருந்து போறது. இதைத்தான் யாரும் சொல்றதில்லை.

ஓஎம்ஆர்ல குடியிருக்கறவங்க பெரும்பாலும் நம்மளை மாதிரி ஐடி ஆட்கள். ஆபீஸ் மாறும், கல்யாணம் ஆகும், பிள்ளைக்கு ஸ்கூல் தேடுவாங்க, பெங்களூருக்கு மாறிடுவாங்க. ரெண்டு வருஷம் ஒரே வாடகைக்காரர் இருந்தா அதுவே பெரிய விஷயம். ஒருத்தர் காலி பண்ணி அடுத்தவர் வர்ற இடைவெளி, புரோக்கர் கூலி ரெண்டையும் சேர்த்து வருஷத்துக்குச் சராசரியா ஒரு மாச வாடகையை விட்டுடுங்க: 20,000. சொத்து வரி, தண்ணி வரி 8,000. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட், நடுவுல கீசர், கசியற பாத்ரூம், மாடிவீட்டுக்காரரோட தண்ணிச் சண்டை (இதுக்குக் காசும் போகும், தூக்கமும் போகும்) இதுக்கெல்லாம் வருஷச் சராசரி 18,000. காலியா இருக்கற மாசத்துல அசோசியேஷன் மெயின்டனன்ஸை நீங்கதான் கட்டணும், அதோட இன்ஷூரன்ஸும் சேர்த்து 4,000. மொத்தம் 50,000.

2.4 லட்சத்துல 50,000 போச்சுன்னா 1.9 லட்சம் மிச்சம். அதை 68 லட்சத்தால வகுத்தா 2.8%.

இதான் உங்க உண்மையான வாடகை வருமானம். இன்னும் இதுக்கு வரி போடல.

இஎம்ஐயை வாடகை கட்டுமா?

இப்ப லோனுக்கு வருவோம். பேங்க் 45 லட்சம் தருது, வட்டி 8.5%, 20 வருஷம். இஎம்ஐ 39,052. நிகர வாடகை மாசத்துக்கு 15,833. மீதி சுமார் 23,200 உங்க சம்பளத்துல இருந்து போகுது, மாசா மாசம்.

முதல் வருஷம் நீங்க கட்டற 4.69 லட்சம் இஎம்ஐயில 3.79 லட்சம் வெறும் வட்டி. அசல்ல குறையறது 90,000 மட்டும்தான். அதாவது 8.5% வட்டிக்குக் காசை வாங்கி, 2.8% தர்ற இடத்துல போடறோம். ஊர்ல ஒருத்தர் கந்து வட்டிக்கு வாங்கி சேவிங்ஸ் அக்கவுன்ட்ல போட்டு வெச்சா என்ன சொல்லுவோம்? பத்திரமும் சாவிக்கொத்தும் கைக்கு வந்துட்டா அதே விஷயம் சாமர்த்தியமா தெரியுது.

"வாடகை வருஷா வருஷம் ஏறுமே ப்ரோ!" ஏறும். வருஷம் 5% ஏறுதுன்னு வைங்க, செலவும் அதே வேகத்துல ஏறுது. நிகர வாடகை இஎம்ஐயைத் தொட எத்தனை வருஷம் ஆகும்? பதினெட்டரை வருஷம். லோன் முடியறதுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடி! அதுவரைக்கும் பள்ளத்தை நிரப்ப உங்க பாக்கெட்ல இருந்து போறது மட்டும் சுமார் 31 லட்சம். ஆரம்பத்துல போட்ட 23 லட்சத்தோட சேர்த்தா 54 லட்சம்.

கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. முதல் நாள்ல இருந்தே வாடகை இஎம்ஐயைக் கட்டணும்னா எவ்வளவு லோன் வாங்கலாம்? இதே வட்டி, இதே 20 வருஷத்துக்கு 18 லட்சம்தான். மீதி 50 லட்சம் கைக்காசா இருக்கணும். கையில 50 லட்சம் இருக்கறவருக்கு "வாடகையே இஎம்ஐயைக் கட்டிடும்" உண்மைதான். அதைச் சொல்ற சித்தப்பா ஒருவேளை 1998-ல ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டவரா இருக்கலாம். அவர் கணக்கு வேற, உங்க கணக்கு வேற.

இன்னொண்ணு. இப்ப வர்ற ஹோம் லோன் பெரும்பாலும் ரெப்போ ரேட்டோட கட்டிப்போட்டது. 2019 அக்டோபர்ல இருந்து புது ஃப்ளோட்டிங் லோன்களை இந்த மாதிரி வெளி அளவுகோலோட இணைக்கணும்னு ரிசர்வ் வங்கி விதி. 2020 மே மாசம் 4% ஆக இருந்த ரெப்போ 2023 பிப்ரவரியில 6.5% ஆச்சு. நம்ம உதாரண லோன்ல வட்டி 1% ஏறினாலே இஎம்ஐ சுமார் 2,900 கூடும், இல்லைன்னா தவணைக் காலம் பல வருஷம் நீளும். வாடகைக்காரர்கிட்ட போய் "தம்பி, ரெப்போ ஏறிடுச்சு"ன்னு சொல்லி வாடகையை ஏத்த முடியுமா?

"வரி மிச்சமாகுமே?"

இந்த வாதத்துக்கு முன்னாடி கொஞ்சம் பலம் இருந்தது. பழைய வரி முறையில வாடகைக்கு விட்ட வீட்டோட லோன் வட்டியால வர்ற நஷ்டத்தை, வருஷத்துக்கு 2 லட்சம் வரைக்கும், சம்பள வருமானத்துல கழிச்சுக்கலாம். 20% ஸ்லாப்ல இருந்தா செஸ்ஸோட 41,600 ரூபாய் மிச்சம். நல்ல காசுதான்.

ஆனா நம்மள்ல நிறைய பேர் இப்ப புது முறையில இருக்கோம். அதுல வாடகை வருமானத்துக்கு எதிரா வட்டியைக் கழிச்சுக்கலாம், அதனால வாடகைக்கு வரி வராது. அதைத் தாண்டின நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்க முடியாது. 2025-26 நிதியாண்டுல 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்கறவருக்குப் புது முறையில வரியே இல்லை. கட்டாத வரியில எதை மிச்சம் பிடிக்கறது? வீட்டு லோனுக்காகவே பழைய முறைக்குப் போகறதுக்கு முன்னாடி ரெண்டு முறையிலயும் உங்க வரியைப் போட்டுப் பாருங்க. பல பேருக்குப் பழைய முறை நஷ்டமாத்தான் வரும்.

லோனே இல்லாம வாங்கினவருக்கு வட்டிக் கழிவு இல்லை. சொத்து வரி, அப்புறம் 30% நிலையான கழிவு போக மீதிக்கு ஸ்லாப்படி வரி. நம்ம பிளாட்டுல அது 20% ஸ்லாப்காரருக்குச் சுமார் 31,000 ரூபாய். அப்ப 2.8% இன்னும் சுருங்கி 2.3% ஆகுது.

அப்ப லாபம் எங்கிருந்து வருது?

விலை ஏற்றத்துல இருந்துதான். வாடகை இங்க துணை நடிகர். இதை ஒத்துக்கிட்டுத்தான் முடிவு எடுக்கணும்.

20 வருஷம் வெச்சிருந்து வித்தா என்ன ஆகும்னு மூணு விதமா போட்டுப் பார்த்தேன். வாடகை 5% ஏறுது, விக்கும்போது 2% செலவு, லாபத்துல 12.5% மூலதன ஆதாய வரி (2024 ஜூலை 23-க்கு அப்புறம் வாங்கற சொத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது). நீங்க முதல்ல போட்டது, மாசா மாசம் போட்டது எல்லாத்தையும் சேர்த்து, வருஷ வருமானம் இப்படி வருது:

வீட்டு விலை வருஷம் 3% ஏறினா, உங்க பணத்துக்குக் கிடைக்கறது சுமார் 4%.
6% ஏறினா, சுமார் 7.3%.
9% ஏறினா, சுமார் 10.6%.

நடுவுல இருக்கறதைப் பாருங்க. 60 லட்சம் வீடு 1.92 கோடி ஆகுது. கேட்கவே நல்லா இருக்கு, கல்யாண வீட்டுல சொல்லிக்கலாம். ஆனா கணக்குப்படி அது 7.3%. பிபிஎஃப் 7.1% தருது, 2024-25-க்கு இபிஎஃப் 8.25% தந்தது. பிபிஎஃப்ல கீசர் வெடிச்சுதுன்னு ராத்திரி போன் வராது.

அப்ப கேள்வி, ஒரு பிளாட் 20 வருஷத்துக்கு 9% ஏறுமா? இங்கதான் யுடிஎஸ் வருது, அதாவது உங்க பேர்ல வர்ற பிரிபடாத மனைப் பங்கு. விலை ஏறறது நிலத்துக்கு; கட்டடம் வருஷா வருஷம் தேயும். 1,050 சதுர அடி பிளாட்டுக்கு 500 சதுர அடி யுடிஎஸ் இருக்கற மூணு மாடிக் குடியிருப்பும் உண்டு, 250 கூட தேறாத உயரமான டவரும் உண்டு. ரெண்டுக்கும் வாடகை கிட்டத்தட்ட ஒண்ணுதான், டவர்ல நீச்சல் குளத்துக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கலாம். ஆனா 25 வருஷம் கழிச்சு வாங்க வர்றவர் உங்க நீச்சல் குளத்தைப் பார்க்க மாட்டார், மண்ணைத்தான் பார்ப்பார். பத்திரத்துல இந்த ஒரு எண்ணைப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

ஏரியாவோட தலையெழுத்தும் இருக்கு. ஓஎம்ஆர்ல பல குடியிருப்புகள் லாரித் தண்ணியை நம்பி ஓடுறவை. 2019 கோடையில என்ன நடந்ததுன்னு அங்க இருந்தவங்களுக்குத் தெரியும். 2020-ல வொர்க் ஃப்ரம் ஹோம் வந்ததும் பசங்க பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போனாங்க, பூட்டின பிளாட்டுக்கும் இஎம்ஐ ஓடிச்சு. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளத்துல தண்ணி நின்ன தெருவுல வாடகை பேசறப்போ முதல் கேள்வியே "இங்க தண்ணி வருமா சார்?"தான். ஒரே தெருவுல, ஒரே தொழிலை நம்பின வாடகைக்காரங்களை நம்பி உங்க மொத்தச் சேமிப்பும் நிக்குது.

வேலை போனா?

எனக்கு இந்தக் கணக்குல ரொம்ப உறுத்தற இடம் இதுதான். 23 லட்சமும் வீட்டுக்குள்ள போயிடுச்சு. எமர்ஜென்ஸி ஃபண்டு பூஜ்யம். நீங்க குடியிருக்கற வீட்டுக்கு வாடகை 16,000, சாப்பாடு போக்குவரத்து 20,000, இஎம்ஐ 39,000. மாசம் 75,000 வேணும். ஒரு வெள்ளிக்கிழமை ஹெச்ஆர்கிட்ட இருந்து மீட்டிங் இன்வைட் வருது. அப்புறம் உள்ளே வர்றது வாடகை 20,000 மட்டும்.

வேலைச் சந்தை நல்லா இருந்தா ரெண்டு மாசத்துல வேற வேலை கிடைச்சுடும். இல்லைன்னா? 90 நாளைக்கு மேல தவணை நின்னா பேங்க் கணக்குல அது வாராக்கடன். அதுக்கப்புறம் சர்ஃபேஸி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். வீட்டை வித்துடலாம்னா, பழைய பிளாட்டுக்கு நல்ல விலைக்கு ஆள் கிடைக்க மாசக்கணக்குல ஆகலாம். ஒரு பெட்ரூமை மட்டும் வித்து அவசரத்துக்கு அஞ்சு லட்சம் எடுக்கவும் முடியாது. அவசரமா விக்கறவர்னு தெரிஞ்சா புரோக்கருக்கு மூக்குல வேர்த்துடும்.

இன்னொரு விலையும் இருக்கு, அது எக்ஸெல்ல வராது. பிடிக்காத மேனேஜர், சம்பளம் கொஞ்சம் குறைஞ்சாலும் நல்லது கத்துக்கலாம்னு தோணற வேற கம்பெனி, ரெண்டு வருஷம் மேல படிக்கலாம்ங்கற ஆசை. 29 வயசுல 20 வருஷ இஎம்ஐயை எடுத்துட்டா இதையெல்லாம் முடிவு பண்றது நீங்க இல்ல, அந்த 39,052தான். அதனால வாங்கறதுன்னு முடிவே பண்ணிட்டா கூட, குறைஞ்சது எட்டு மாச இஎம்ஐயும் வீட்டுச் செலவும் தனியா ஒதுக்கி வெச்சுட்டு, அதுக்கு மேல இருக்கற காசுல வாங்குங்க.

வாடகையில நிம்மதியா வாழறவங்க எப்படி வாழறாங்க?

நம்ம ஊர்லயே இருக்காங்களே! திருப்பூர்ல பத்து லைன் வீடு விட்டிருக்கற பெரியவர், மாம்பலத்துல கீழே கடை, மேலே வீடுன்னு வாடகை வாங்கற மாமி. கவனிச்சுப் பார்த்தா இவங்களுக்கு ரெண்டு விஷயம் பொது: நிலம் தாத்தா காலத்துது, தலைமேல லோன் இல்லை.

இதுல இருந்து உங்களுக்கு ஒரு உருப்படியான வழி கிடைக்குது. ஊர்ல அப்பாவோட சொந்த வீடு தரைத்தளத்தோட நிக்குதா? அஸ்திவாரம் தாங்கும்னு இன்ஜினியர் சொன்னா, மேல 650 சதுர அடியில ஒரு போர்ஷன் எடுக்கலாம். சதுர அடிக்கு 2,400 வெச்சா 15.6 லட்சம். பிளான் அப்ரூவல், தனி ஈபி கனெக்‌ஷன், வெளிப் படிக்கட்டுக்கு இன்னொரு 1.4 லட்சம். மொத்தம் 17 லட்சம். திருச்சி, மதுரை மாதிரி ஊர்ல வாடகை 9,500 வருதுன்னு வைங்க. ஒரு மாசம் காலி, 15,000 செலவு எல்லாம் போக வருஷத்துக்குச் சுமார் 90,000 நிக்கும். அது 5.3%. ஓஎம்ஆர் பிளாட்டோட ஏறக்குறைய ரெண்டு மடங்கு! காரணம் ஒண்ணும் மாயம் இல்லை. நிலத்துக்கு நீங்க காசு கொடுக்கல. கீழேயே அப்பா அம்மா இருக்கறதால வாடகைக்காரர் தேட, வீட்டைப் பார்த்துக்க ஆளும் இருக்கு.

ஒரே ஒரு எச்சரிக்கை. மனை அப்பா பேர்ல, கட்டற காசு உங்களுது. அப்பா உயில் எழுதாம போயிட்டா அம்மாவுக்கும், உங்க கூடப் பிறந்த எல்லாருக்கும், அக்கா தங்கச்சி உட்பட, அதுல பங்கு உண்டு. "நான் கட்டின மாடி"ன்னு அப்ப பேசினா உறவு கெடும். செங்கல் இறங்கறதுக்கு முன்னாடியே எல்லாரையும் உட்கார வெச்சுப் பேசி, தேவைன்னா குடும்பத்துக்குள்ள செட்டில்மென்ட் பத்திரம் போட்டுடுங்க. குடும்ப செட்டில்மென்டுக்குத் தமிழ்நாட்டுல முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு இருக்கு, அதனால 9% பயம் வேண்டாம்.

ஊர்ல வீடும் இல்லை, ஆனா வாடகை வருமானம் வேணும்னா ரீட் யூனிட்டைப் பாருங்க. இந்தியாவுல முதல் ரீட் 2019 ஏப்ரல்ல சந்தைக்கு வந்த எம்பஸி. அலுவலகம், மால் மாதிரி கட்டடங்களோட வாடகையைப் பிரிச்சுக் கொடுக்கறது இவங்க வேலை. பகிர்ந்து கொடுக்கக்கூடிய பணத்துல குறைஞ்சது 90% யூனிட்தாரருக்குக் கொடுத்தாகணும்னு செபி விதி. ஷேர் மாதிரி ஒரு யூனிட் கூட வாங்கலாம், அவசரம்னா சந்தையில வித்துடலாம். வடபழனியில இருக்கற விஜயா மால் நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்ட்டோடதுதான். அங்க கடை போட்டிருக்கற பிராண்டுகள் கட்டற வாடகையில உங்களுக்கும் ஒரு துளி வரும். யூனிட் விலை இறங்கும், ஏறும். ஆபீஸ் காலியானா வருமானமும் குறையும். வாடகை உறுதின்னு இதுலயும் யாரும் எழுதித் தரல. மொத்தச் சேமிப்பையும் இதுல கொட்டாதீங்க.

நீங்களே குடியிருக்க வீடு வாங்கறது வேற விஷயம். அதுல பிள்ளை ஸ்கூல், அம்மாவோட முட்டி வலி, ஆணி அடிக்க யார்கிட்டயும் கேட்க வேண்டாங்கற நிம்மதி எல்லாம் வருது. அதை இந்த 2.8% தராசுல வைக்க வேண்டாம்.

ஏற்கெனவே இந்த மாதிரி பிளாட் வாங்கிட்டீங்களா? பதறி விக்க வேண்டாம், 9% பத்திரச் செலவு போனது போனதுதான், திரும்ப வராது. போனஸ் வரும்போதெல்லாம் அசல்ல கட்டுங்க. உதாரண லோன்ல நீங்க முன்கூட்டியே கட்டற ஒவ்வொரு ரூபாயும் 8.5% ரிஸ்க் இல்லாம சம்பாதிச்ச மாதிரி. லோன் 18 லட்சத்துக்கு இறங்கின பிறகு பேங்க்ல பேசி இஎம்ஐயைக் குறைச்சுக்கிட்டீங்கன்னா வாடகையே அதைச் சமாளிக்கற நிலைமை வரும்.

இந்தக் கணக்கோட எக்ஸெல் ஷீட்டை வீடியோவுக்குக் கீழே போட்டிருக்கோம். மஞ்சள் கட்டங்கள்ல உங்க பிளாட் விலை, வாடகை, வட்டியை மட்டும் மாத்துங்க. யுடிஎஸ்ஸையும் சேர்த்து எழுதி அனுப்பினா, மூணு பேரோட கணக்கை அடுத்த வார வீடியோவுல எடுத்துப் பேசறோம்.